லேப்டாப் தானா தூங்கிடுதா? எப்ப தூங்குதுன்னு பாருங்க, யாரு தூங்க வச்சதுன்னு தெரிஞ்சிடும்

சித்தப்பா மும்பை தாராவில நைன்டி ஃபீட் ரோடு பக்கம் கல்யாண வீடியோ, ஆல்பம் வேலை பண்றாரு, கீழ கடை மேல வீடு. போன மாசம் காலங்காத்தால போன். "டே, நைட்டு பதினொன்றரைக்கு எக்ஸ்போர்ட் போட்டுட்டு படுக்கப் போனேன், இப்ப வந்து பாத்தா 38 பர்சன்ட்லயே நிக்குது, மவுஸைத் தொட்டதும் திரும்ப ஓடுது, பத்து மணிக்கு பொண்ணு வீட்டுக்காரங்க பென்டிரைவ் வாங்க வர்றாங்கடா." நான் செம்பூர்ல இருந்துகிட்டு போன்லயே ஒவ்வொண்ணா கேட்டு கேட்டு, அவருக்கு மூணு நாள் ஆச்சு கண்டுபிடிக்க. ஆனா அந்த மூணு நாள்ல நான் ஒழுங்கா கத்துக்கிட்டது ஒண்ணு, லேப்டாப் தூங்குதுன்னா ஸ்லீப் செட்டிங்கை போய் நெவர்னு மாத்துறதுக்கு முன்னாடி, அது எத்தனை மணிக்கு தூங்குச்சு, எழுப்பும்போது எந்த நிலையில இருந்துச்சுன்னு பாக்கணும். தூங்க வைக்கறவங்க ஒருத்தர் இல்ல. டைமர், மூடி, பேட்டரி, ஆபீஸ் பாலிசி, அப்டேட்னு ஆளாளுக்கு கையை நீட்டும், ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு வழியா தூங்கும். நெட்ல எல்லாரும் நெவர் போடுங்கன்னு மட்டும் சொல்லிட்டு போறாங்க, அது போட்டும் தூங்குதேன்னு தலையப் பிச்சுக்கறவங்களுக்குத்தான் இதை எழுதுறேன்.

பெரும்பாலும் விண்டோஸ் 11 வச்சுதான் சொல்றேன், மேக், லினக்ஸ் கடைசில.

ஸ்கிரீன் கறுப்பா இருக்கு, ஆனா உள்ள வேலை நடந்துகிட்டுதான் இருக்கு

இது ஸ்லீப்பே இல்ல. டிஸ்பிளே மட்டும் ஆஃப் ஆகியிருக்கு. கண்டுபிடிக்கறது ஈஸி, கேப்ஸ் லாக் பட்டனை தட்டுங்க, அந்த சின்ன லைட் உடனே எரிஞ்சா மெஷின் முழிச்சிருக்கு, ஃபேன் சத்தமும் கேட்டுகிட்டே இருக்கும், தொட்டு ஸ்கிரீன் வந்ததும் பர்சன்ட் ஏறியிருக்கும். இதை சரி பண்ணவே வேணாம், ராத்திரி எக்ஸ்போர்ட், டவுன்லோட், பேக்கப் எல்லாத்துக்கும் ஸ்கிரீன் ஆஃப் ஆகறதுதான் நல்லது, கரண்டும் மிச்சம் சூடும் கம்மி. அதே மாதிரி விண்டோஸ் பட்டனும் எல் பட்டனும் சேத்து அழுத்தி லாக் பண்ணா வேலை நின்னுடும்னு பயந்து நிறைய பேர் லாக் பண்ணாமயே எழுந்து போறாங்க. லாக் வேற ஸ்லீப் வேற, லாக் பண்ணாலும் உள்ள எல்லாம் ஓடும், தாராளமா லாக் பண்ணிட்டு போங்க.

தினமும் தொட்டுட்டு விட்டதுல இருந்து சரியா அதே நிமிஷத்துல தூங்குது

5, 10, 15, 30னு சுத்தமான கணக்குல வந்தா அது சாதாரண டைமர். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி, அங்க ஸ்கிரீன் அண்ட் ஸ்லீப்னு இருக்கும், புது வெர்ஷன்ல அதே இடத்துல டைம்அவுட்ஸ்னு பேரு மாறியிருக்கும். உள்ள ஸ்கிரீனுக்கு தனியா ஸ்லீப்புக்கு தனியா, அதுலயும் சார்ஜர்ல இருக்கும்போது ஒண்ணு பேட்டரில இருக்கும்போது ஒண்ணுன்னு மொத்தம் நாலு இடம். இந்த நாலையும் தனித்தனியா பாருங்க, இதுதான் பின்னாடி சித்தப்பா கதைக்கு வரப்போகுது. அந்தப் பக்கத்துலயே எனர்ஜி ரெகமென்டேஷன்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதுல அப்ளை ஆல் அமுக்கினா ஸ்லீப் நேரத்தை அதுவா குறைச்சு வச்சிடும், பச்சை இலை படம் போட்டு நல்ல காரியம் மாதிரி இருக்கும் அதனால அமுக்கியிருப்போம், மறந்தும் போயிருப்போம்.

இன்னொரு விஷயம், உள்ள இவ்ளோ பெரிய வேலை ஓடும்போது எப்படி தூங்குதுன்னு கேப்பீங்க. விண்டோஸ் முக்கியமா பாக்கறது நீங்க கடைசியா கீபோர்டையோ மவுஸையோ எப்ப தொட்டீங்கன்னுதான். நான் வேலையா இருக்கேன் என்னை தூங்க விடாதேன்னு சாஃப்ட்வேர்தான் விண்டோஸ்கிட்ட கேக்கணும். வீடியோ பிளேயர் எல்லாம் கேக்கும், அதனாலதான் மூணு மணி நேரப் படம் ஓடும்போது தூங்கறதில்ல. ஆனா சில எக்ஸ்போர்ட் டூல், காப்பி டூல், ஆபீஸ்ல யாரோ எழுதின ஸ்கிரிப்ட் இதெல்லாம் கேக்காது.

உங்க சாஃப்ட்வேர் கேட்டிருக்கான்னு பாக்க ஒரு கமாண்ட் இருக்கு. டெர்மினலை அட்மினா திறந்து, பவர்னு அடிச்சு இடைவெளி விடாம சி, எஃப், ஜி சேத்து, ஒரு ஸ்பேஸ், ஒரு ஸ்லாஷ், ரிக்வெஸ்ட்ஸ்னு அடிச்சு எண்டர். டிஸ்பிளே, சிஸ்டம்னு தலைப்பு போட்டு வரும். எக்ஸ்போர்ட் ஓடிகிட்டிருக்கும்போதே இதை அடிங்க, சிஸ்டம்ங்கறதுக்கு கீழ உங்க சாஃப்ட்வேர் பேரு வந்தா அது கேட்டிருக்கு, எல்லாத்துக்கும் கீழ நன், அதாவது ஒண்ணுமில்லைன்னு வந்தா யாருமே காவலுக்கு இல்லைன்னு அர்த்தம்.

அப்படி இருந்தா ஒரே ஒரு ராத்திரிக்காக செட்டிங்கையே நெவர்னு மாத்தாதீங்க, மாத்தினா திரும்ப மாத்த மறந்துடுவோம், மைக்ரோசாஃப்ட்டே இலவசமா குடுக்கற பவர்டாய்ஸ் போட்டு அதுல அவேக்குங்கறதை ஆன் பண்ணுங்க. கீழ கடிகாரம் பக்கத்துல ஒரு காப்பி கப் ஐகான் வரும். இத்தனை மணி நேரம் முழிச்சிருன்னு சொல்லலாம், இந்த தேதி இந்த நேரம் வரைக்கும்னும் சொல்லலாம், ஸ்கிரீனை மட்டும் ஆஃப் ஆக விடவும் முடியும். உங்க பவர் செட்டிங்கை அது தொடறதே இல்ல, அவேக்கை மூடினா எல்லாம் பழையபடி ஆயிடும். எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்ச வழி. ஆனா ரெண்டு இடத்துல இதை நம்பக்கூடாது. மூடியை சாத்தினா அவேக் இருந்தாலும் தூங்கும். ரெண்டாவது, இப்ப வர்ற லேப்டாப்ல பாதிக்கு மேல மாடர்ன் ஸ்டேண்ட்பைங்கற, போன் மாதிரி அரைத்தூக்கம் போடற வகை, அதுல சார்ஜர் இல்லாம பேட்டரில ஓடும்போது இந்த மாதிரி கோரிக்கையை எல்லாம் விண்டோஸ் கொஞ்ச நேரம்தான் மதிக்கும், ஸ்லீப் நேரம் தாண்டி சில நிமிஷத்துல அதுவே கட் பண்ணிட்டு தூங்கப் போயிடும். ராத்திரி வேலைன்னா சார்ஜர் கட்டாயம்.

நெவர் போட்டாச்சு, இருந்தாலும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்துல தூங்குது

சித்தப்பா கேஸ் இதுதான். செட்டிங் நெவர்னு இருக்குன்னு சத்தியம் பண்றாரு, போட்டோ எடுத்து அனுப்பறாரு, நானும் பாத்தேன், சார்ஜர் பக்கம் நெவர்தான். சரி, விண்டோஸ்கிட்டயே கேப்போம்னு ஈவன்ட் வியூவர் திறக்கச் சொன்னேன். ஸ்டார்ட்ல அந்தப் பேரை அடிச்சா வரும், அதுல விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம், வலது பக்கம் ஃபில்டர்ல நம்பர் போடற கட்டத்துல 42, 506 ரெண்டையும் கமா வச்சு போடுங்க. பழைய மாதிரி ஸ்லீப் ஆகற மெஷின்ல 42, மாடர்ன் ஸ்டேண்ட்பை மெஷின்ல 506. கெர்னல் பவர்னு சோர்ஸ் இருக்கும், அதைத் தட்டினா எத்தனை மணிக்கு தூங்குச்சு, ரீசன் என்னன்னு அங்கேயே எழுதியிருக்கும், ஐடில்னு இருந்தா டைமர், லிட்னு இருந்தா மூடி, பட்டன்னு இருந்தா யாரோ அமுக்கியிருக்காங்க, 42ல மட்டும் பட்டன் ஆர் லிட்னு ரெண்டும் சேந்தே வரும். இந்தப் பதிவு இருக்கறது தெரியாமயே நிறைய பேர் விண்டோஸையே திரும்ப இன்ஸ்டால் பண்ணிடறாங்க, லாமிங்டன் ரோடு கம்ப்யூட்டர் மார்க்கெட் வரைக்கும் தூக்கிட்டுப் போய் காசு குடுத்துட்டும் வர்றாங்க. அஞ்சு நிமிஷ வேலை, தயவுசெஞ்சு முதல்ல இதைப் பாருங்க.

அவருக்கு முதல் நாள் 11:52, ரெண்டாம் நாள் 12:20, மூணாம் நாள் 11:40. ரீசன் மட்டும் மூணு நாளும் ஐடில். டைமர்னா ஒரே கணக்குல வரணும், வரல. நெவர்னா ஐடில்னே வரக்கூடாது, வருது. அப்பதான் எனக்கு உறைச்சது, சார்ஜர் பக்கம்தானே நெவர், பேட்டரி பக்கம் என்னன்னு கேட்டேன், 10 நிமிஷம். ராத்திரி எப்படி பேட்டரிக்கு போகுது? "சித்தப்பா, ராத்திரி கடைல யாராவது சுவிட்ச் போர்டைத் தொடறாங்களா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொல்றாரு, "உங்க சித்தி படுக்கப் போறதுக்கு முன்னாடி கீழ வந்து எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டுதான்டா போவா, காலைல அஞ்சரைக்கு தண்ணி வரும்போது வந்து திரும்ப போடுவா."

சித்தி பண்றது நல்ல பழக்கம், அந்தக் கடைல அத்தனை வயர் கிடக்கு, அணைக்காம விட்டாதான் பயம். அவங்க அணைச்சதும் லேப்டாப் பேட்டரிக்கு போயிருக்கு, ஏற்கனவே யாரும் தொட்டு கொஞ்ச நேரம் ஆச்சு, அதனால சீக்கிரமே தூங்கியிருக்கு. காலைல சித்தப்பா வந்து பாக்கும்போது சார்ஜர் லைட் எரிஞ்சுகிட்டிருக்கு, அதனால யாருக்கும் சந்தேகமே வரல. இப்ப லேப்டாப் சார்ஜரை தனி பிளக்ல மாத்தி, அந்த சுவிட்ச் மேல சிவப்பு டேப் ஒட்டியாச்சு, சித்தி மத்ததை எல்லாம் அணைச்சுக்கறாங்க.

இதையே ஏன் இவ்ளோ நீளமா சொல்றேன்னா மும்பைல நமக்கு கரண்ட் கட்டே ரொம்ப கம்மி. 2020 அக்டோபர் 12ஆம் தேதி காலைல ஊர் முழுக்க போச்சே, லோக்கல் ட்ரெயின் எல்லாம் அப்படியே நின்னுச்சே, அந்த மாதிரி நாள் ஒண்ணு ரெண்டுதான் ஞாபகம் இருக்கும். அதனால இங்க பேட்டரி பக்கம் செட்டிங்கை யாரும் எட்டிக்கூட பாக்கறதில்ல. ஆனா பேட்டரிக்கு போறதுக்கு கரண்ட் கட் ஆகணும்னு இல்ல, லூசான பிளக், எம்சிபி ட்ரிப், சார்ஜர் முனை கொஞ்சம் வெளிய வந்தது, இது போதும்.

காலைல பாத்தா மொத்தமா ஆஃப், ஆன் பண்ணா விட்ட இடத்துலயே எல்லா விண்டோவும் இருக்கு

இது ஹைபர்னேட். பேட்டரி ரொம்ப இறங்கி, கடைசி கட்டத்துல எல்லாத்தையும் டிஸ்க்ல எழுதி வச்சுட்டு அணைஞ்சிருக்கு. சார்ஜர் மாட்டித்தான் இருந்துச்சேன்னு சொல்வீங்க, எந்த சார்ஜர்? டைப் சி லேப்டாப்புக்கு போன் சார்ஜரை மாட்டியிருந்தா சும்மா இருக்கும்போது தாக்குப் பிடிக்கும், எக்ஸ்போர்ட் மாதிரி முழு வேகத்துல ஓடினா உள்ள வர்றதை விட வெளிய போறது ஜாஸ்தி, மாட்டின மாதிரியே இருக்கும் ஆனா மெதுவா இறங்கிட்டே வரும். மானிட்டர்ல இருந்து டைப் சி வழியா சார்ஜ் ஏத்தறவங்களும் இதைப் பாக்கணும், மானிட்டர் எத்தனை வாட் குடுக்குது உங்க லேப்டாப்போட வந்த சார்ஜர் எத்தனை வாட்டுன்னு ரெண்டையும் பாத்துக்கோங்க.

ஆன் பண்ணா எல்லாமே மூடியிருக்கு, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்

இது தூக்கம் இல்ல, ரீஸ்டார்ட். ஈவன்ட் வியூவர்ல அதே இடத்துல 1074 இருந்தா ஒரு புரோகிராம் முறைப்படி ரீஸ்டார்ட் பண்ணியிருக்கு, பெரும்பாலும் அப்டேட்டாதான் இருக்கும், எந்த புரோகிராம்னு அதுலயே பேரு இருக்கும். 41 இருந்தா முறையில்லாம பட்டுனு அணைஞ்சிருக்கு, கரண்ட், சூடு, ஹார்டுவேர் பக்கம் போய் பாருங்க. அப்டேட்னா விண்டோஸ் அப்டேட் பக்கத்துல ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைக்கற பாஸ் பட்டனை அமுக்கிட்டு வேலையை முடிங்க, முடிச்சதும் மறக்காம அப்டேட்டை விட்டுடுங்க. ஆக்டிவ் ஹவர்ஸும் அங்கதான் இருக்கு, ஆனா அது அதிகபட்சம் 18 மணி நேரம்தான், ராத்திரி பகல் முழுக்க ஓடற வேலைக்கு பத்தாது.

டைப் பண்ணிகிட்டே இருக்கும்போது பட்டுனு தூங்கிடுது

இதுக்கு செட்டிங்ல தேடாதீங்க, கையைப் பாருங்க. மூடி சாத்தியிருக்கான்னு லேப்டாப்புக்கு தெரியறதே ஒரு காந்தத்தால, மூடில ஒரு சின்ன காந்தம், கீழ அதை உணர்ற ஹால் சென்சார். காந்தக் கொக்கி வச்ச வாட்ச் ஸ்ட்ராப், காந்த மூடி போட்ட போன் கவர், இயர்பட் டப்பா இதுல எது அந்த சென்சார் பக்கத்துல வந்தாலும் மூடி சாத்தியாச்சுன்னு நினைச்சு தூங்கப் போயிடும். ஒரு லேப்டாப் மேல இன்னொரு லேப்டாப் அடுக்கி வச்சாலும் இதேதான். மாட்டுங்கால ஒரு அக்கா ஆன்லைன்ல வயலின் கிளாஸ் எடுக்கறாங்க, நோட்ஸ் அடிக்கும்போது மட்டும் தூங்குது வாசிச்சுக் காட்டும்போது தூங்கலன்னாங்க, இடது கைல காந்தக் கொக்கி வளையல். கழட்டி வச்சதோட முடிஞ்சது. ஈவன்ட்ல ரீசன் லிட்னு வந்து நீங்க மூடியைத் தொடவே இல்லைன்னா காந்தம்தான்னு முக்கால்வாசி நம்பிடலாம்.

எழுந்து போனதும் உடனே ஸ்கிரீன் போகுதுன்னா அது வேற, சில புது மாடல்ல ஆள் முன்னாடி இருக்காங்களான்னு பாக்கற சென்சார் இருக்கு, பவர் செட்டிங்லயே அதை அணைக்கலாம்.

மூடியை சாத்தினா தூங்குது, சாத்தியும் ஓடணும்

கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், இடது பக்கம் மூடியை சாத்தினா என்ன செய்யணும்னு ஒரு லிங்க், அதுல சார்ஜர் பக்கம் டு நத்திங். வெளி மானிட்டர் போட்டு வேலை பாக்கறவங்களுக்கு இது சரி. ஆனா பேட்டரி பக்கம் மட்டும் ஸ்லீப்னே விட்டு வைங்க, கெஞ்சிக் கேக்கறேன். அந்த செட்டிங்கோட பைக்குள்ள போட்டு தாதர்ல ட்ரெயின் ஏறினீங்கன்னா காத்தே இல்லாத இடத்துல அது முழு மூச்சா ஓடிகிட்டிருக்கும், பேட்டரி வீங்கறதுக்கு சூடு ஒரு பெரிய காரணம். ராத்திரி எக்ஸ்போர்ட்டுக்கும் மூடியை திறந்தே வைங்க, மெத்தை மேல வேணாம்.

தூரத்துல இருந்து எழுப்பினா ரெண்டே நிமிஷத்துல திரும்பத் தூங்குது

ஊர்ல இருந்துகிட்டு வீட்டு மெஷினை நெட்வொர்க் வழியா எழுப்பறவங்க, ஷெட்யூல் போட்டு ராத்திரி எழுப்பறவங்க இதுல மாட்டுவாங்க. எழுப்பினது ஆள் இல்ல, மெஷின்னு விண்டோஸுக்கு தெரியும், அப்போ நீங்க போட்ட 30 நிமிஷமெல்லாம் செல்லாது, சிஸ்டம் அன்அட்டெண்டெட் ஸ்லீப் டைம்அவுட்னு தனியா ஒண்ணு இருக்கு, சாதாரணமா அது 2 நிமிஷம். அட்வான்ஸ்டு பவர் பட்டியல்ல அதை மறைச்சே வச்சிருக்காங்க, கமாண்ட் போட்டு வெளிய கொண்டு வந்தாதான் தெரியும். அந்த வம்பு வேணாம்னா உள்ள போனதும் முதல் வேலையா அவேக்கை ஆன் பண்ணிடுங்க.

மெஷின் தூங்கல, ஆனா காப்பி பாதில நிக்குது, வைஃபை போகுது

மெஷின் முழிச்சிருக்கும்போதே அதோட பாகங்கள் தனித்தனியா தூங்கும். வெளி ஹார்டு டிஸ்க்னா அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை டிசேபிள் பண்ணுங்க, டர்ன் ஆஃப் ஹார்டு டிஸ்க் நேரத்தையும் பாருங்க. வைஃபைன்னா டிவைஸ் மேனேஜர்ல அந்த அடாப்டர், பிராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட், கரண்ட் மிச்சத்துக்காக இதை அணைக்கலாம்ங்கற டிக்கை எடுங்க. சில புது லேப்டாப்ல அந்த டேபே இருக்காது.

தத்கல் போடறவங்களுக்கு இதோட சேத்து ஒண்ணு. திருநெல்வேலி, நாகர்கோவில் டிக்கெட்டுக்கு ஏசின்னா 10 மணி, ஸ்லீப்பர்னா 11 மணி, அதுக்கு இருபது நிமிஷம் முன்னாடியே லாகின் பண்ணி வச்சுட்டு டீ போடப் போவோம், திரும்பி வந்தா தூங்கியிருக்கும், எழுப்பினா வைஃபை சேர நேரம் எடுக்கும், லாகினும் போயிருக்கும். முக்கால் மணி நேரத்துக்கு அவேக் போட்டுட்டு எழுந்து போங்க, ஒரு குடும்பம் மொத்தமும் பொங்கலுக்கு ஊருக்குப் போறது இதுல நிக்குது.

ஆபீஸ் லேப்டாப், செட்டிங்கே சாம்பல் கலர்ல இருக்கு

மேல உங்க நிறுவனம் நிர்வகிக்குதுன்னு ஒரு வரி இருக்கும். அதை மாத்த வழி தேடாதீங்க. மவுஸை தானா ஆட்டற கருவி, கீபோர்டை அடிக்கற மாதிரி காட்டற சாஃப்ட்வேர் இதெல்லாம் வேணாம், 2024ல அமெரிக்காவுல ஒரு பெரிய வங்கி இந்த மாதிரி போலி கீபோர்டு வேலைக்காக பன்னிரண்டு பேருக்கு மேல வேலையை விட்டே அனுப்புச்சு. ராத்திரி ஓட வேண்டிய வேலை நிஜமாவே இருந்தா ஐடிக்கு ஒரு டிக்கெட் போட்டு கேளுங்க, இல்ல அந்த வேலையை சர்வர்ல ஓட விடுங்க, கனெக்ஷன் போனாலும் வேலையை விடாம ஓட்டற டிமக்ஸ்ங்கற டூலுக்குள்ள போட்டுட்டா உங்க லேப்டாப் தூங்கினாலும் அங்க ஓடிகிட்டே இருக்கும்.

மேக், லினக்ஸ்

மேக்புக்ல செட்டிங்ஸ், பேட்டரி, ஆப்ஷன்ஸ், அங்க பவர் அடாப்டர்ல இருக்கும்போது டிஸ்பிளே ஆஃப் ஆனாலும் தூங்காம இருக்கற சுவிட்ச் இருக்கு. ஒரு ராத்திரிக்குன்னா டெர்மினல் திறந்து கேஃபினேட் (caffeinate)னு அடிச்சு எண்டர், அந்த விண்டோ திறந்திருக்கற வரைக்கும் சும்மா இருந்தாலும் தூங்காது, 2012ல வந்த மவுன்டன் லயன்ல இருந்தே இது கூடவே வருது, தனியா எதுவும் போட வேணாம். மூடியை சாத்திட்டு ஓட்டணும்னா சார்ஜர், வெளி மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நாலும் வேணும்.

உபுண்டுல செட்டிங்ஸ், பவர், ஆட்டோமேட்டிக் சஸ்பெண்ட் ஆஃப். அதுக்கப்புறமும் தூங்குதுன்னா நீங்க லாகவுட் பண்ணியிருப்பீங்க, லாகின் ஸ்கிரீனுக்கு தனி செட்டிங், உங்களோடது அதுக்கு செல்லாது. லாகவுட்டுக்குப் பதிலா லாக் மட்டும் பண்ணுங்க.

மாத்தியாச்சு, சரியாச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கறது

ராத்திரியை நம்பி சோதிக்காதீங்க. பகல்லயே உங்க ஸ்லீப் டைமரை 2 நிமிஷம்னு சின்னதா வைங்க, சின்ன எக்ஸ்போர்ட் ஒண்ணு போடுங்க, அவேக்கை ஆன் பண்ணுங்க, கையைக் கட்டிகிட்டு பத்து நிமிஷம் தொடாம உக்காருங்க. ஸ்கிரீன் அணைஞ்சா கேப்ஸ் லாக் லைட்டைத் தட்டிப் பாருங்க. அப்புறம் சார்ஜரைப் பிடுங்கிட்டு இன்னொரு பத்து நிமிஷம். ரெண்டாவது பத்து நிமிஷத்துலதான் பெரும்பாலும் மாட்டும். முடிஞ்சதும் டைமரை பழைய நேரத்துக்கு மாத்திடுங்க. சித்தப்பா இப்ப ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இதைப் பண்ணிட்டுதான் எக்ஸ்போர்ட் போடறாரு, போட்டுட்டு மாடிக்கு ஒரு குரல் குடுக்கறாரு, "ஏட்டி, அந்த சிவப்பு டேப்பை மட்டும் தொட்டுராத."